‘ஏதோ இடிக்குது’: பார்த்ததைச் சொல்லக் கொஞ்சம் சொற்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு வாசிப்புக் கூட்டத்துக்கான அறிவிப்புத் தாளை நானே கணினியில் தயார் செய்தேன். ஓவியமோ வடிவமைப்போ படித்தவன் இல்லை. கையில் மென்பொருள் இருந்தது, அவ்வளவுதான். வெள்ளைப் பின்னணி. தலைப்புக்குப் பளிச்சென்று மஞ்சள். சில வரிகள் சிவப்பு, சில வரிகள் பச்சை. மேல் மூலையில் தேதி, கீழ் மூலையில் நேரம், நடுவில் எங்கோ இடம். ஒரு புத்தகத்தின் படம். நாலு பக்கமும் பூவேலை. நண்பரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் இருக்கு. ஆனா ஏதோ இடிக்குது” என்றார்.

என்ன இடிக்கிறது என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினேன், பூவை மாற்றினேன், மஞ்சளை ஆரஞ்சாக்கிப் பார்த்து மறுபடி மஞ்சளாக்கினேன். ராத்திரி பதினொரு மணிக்கும் அது இடித்துக்கொண்டேதான் இருந்தது.

பிரச்சினை எங்கள் கண்ணில் இல்லை. கண் சரியாகவே பார்த்தது. பார்த்ததைச் சொல்ல வாயில் சொல் இல்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்? வலியா, எரிச்சலா, எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்று சொன்னால்தான் அவர் மேற்கொண்டு யோசிக்க முடியும். ஓவியம், வடிவமைப்பு பற்றிய அடிப்படைச் சொற்களின் வேலையும் அதுதான்.

கலைப் பாடப் புத்தகங்கள் இந்தச் சொற்களை இரண்டு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கும். முதல் மூட்டைக்குக் கூறுகள் என்று பெயர்: புள்ளி, கோடு, வடிவம், பருமன், வெளி, வெளிர்–அடர், நிறம், மேற்பரப்பு. இரண்டாவது மூட்டை கொள்கைகள்: சமநிலை, முரண், அழுத்தம், லயம், விகிதம், ஒருமை. முதலாவதை எழுத்து என்று வைத்துக்கொண்டால் இரண்டாவதை யாப்பு என்று சொல்லலாம். எழுத்துகள் எல்லோருக்கும் பொது. அடுக்குகிற விதத்தில்தான் வெண்பாவும் விளம்பரத் துண்டும் பிரிகின்றன. ஒருவர் ஏழு கூறுகள் என்பார், இன்னொருவர் எட்டு என்பார். அதில் சண்டை போட ஒன்றுமில்லை. மனப்பாடமும் வேண்டாம். என் அனுபவத்தில் ஆரம்பத்தில் இருப்பவருக்கு இரண்டு சொற்களே பாதி வேலையைச் செய்துவிடும். ஒன்று வெற்றிடம், இன்னொன்று வெளிர்–அடர். அவற்றில் நிதானமாக நிற்கப் போகிறேன், மற்றவற்றைக் கொஞ்சம் வேகமாகவே கடக்கலாம்.

புள்ளியும் கோடும்

வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி வைத்தால் கண் அங்கே போய் உட்கார்ந்துவிடும். நடுவில் வைத்தால் அமைதியாக இருக்கும். ஓரத்துக்குத் தள்ளினால் தாளை விட்டு வெளியே போகப் பார்ப்பது போல ஒரு பதற்றம் வரும். இரண்டு புள்ளி வைத்தால் இடையில் இல்லாத ஒரு கோட்டைக் கண் தானாகவே போட்டுக்கொள்ளும். மூன்று வைத்தால் முக்கோணம். நிறையப் புள்ளிகளை நெருக்கி வைத்தால் புள்ளி மறைந்து நிறம் மட்டும் தெரியும். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சொரா, ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் மக்களை 1884 முதல் 1886 வரை உழைத்து இப்படித்தான் சின்னச் சின்ன நிறத் தீற்றல்களால் வரைந்தார். ஏறக்குறைய 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் உள்ள படம் அது. அச்சான புகைப்படம் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அங்கேயும் புள்ளிகள்தான்.

கோட்டுக்குத் திசை உண்டு, திசைக்கு ஒரு குணம் உண்டு. படுக்கைக்கோடு அமைதி. செங்குத்துக்கோடு நிமிர்வு. சாய்கோடு அசைவு. இதில் மர்மம் எதுவும் இல்லை. படுத்திருப்பவர் விழ மாட்டார்; சாய்ந்து நிற்பவர் எந்த நேரமும் விழலாம். நம் உடம்புக்குத் தெரிந்ததைத்தான் கண்ணும் படிக்கிறது. கோடு வரையாமலே கோடு உண்டாக்கலாம் என்பது இன்னும் சுவாரசியம். படத்தில் ஒருவர் இடப்பக்கம் பார்த்தால் நாமும் அவர் பார்வையைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் போவோம். நீட்டிய கை, கத்தியின் நுனி, சாலையின் ஓரம் எல்லாமே கண்ணை இழுத்துப் போகும் கோடுகள்.

கோடு சுற்றி வந்து தன்னையே தொட்டால் வடிவம். வட்டம், சதுரம், இலை, மேகம். வடிவத்துக்கு நீளமும் அகலமும் மட்டும்தான். அதற்குக் கனமும் சேர்ந்தால் பருமன். வட்டம் என்பது வடிவம், பந்து என்பது பருமன். தாளில் வட்டத்தைப் பந்தாக்குவது எது? ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், கீழே தரையில் விழும் நிழல். ஓவியம் பழகுபவர்கள் ஷேடிங் என்று சொல்வது இதைத்தான்.

வெளி

வெளி என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள். ஒன்று ஆழம். தட்டையான தாளில் அருகில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் எப்படிக் காட்டுவது? ஒன்றை இன்னொன்றின் முன்னால் வைத்து மறைக்கலாம். தூரத்தில் இருப்பதைச் சிறிதாக வரையலாம், வெளிறச் செய்யலாம். இவையெல்லாம் பழைய உத்திகள். இணையாக ஓடும் தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வதாகத் தோன்றுகிறதே, அந்த மறையும் புள்ளியைக் கணக்காகப் பிடித்தது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்ஸ் நகரத்தில். கட்டடக்கலைஞர் புரூனெலெஸ்கி செய்து காட்டினார். 1435இல் ஆல்பெர்ட்டி என்ற அறிஞர் அதை முறையாக எழுதி வைத்தார். பெர்ஸ்பெக்டிவ் என்று சொல்லப்படுவது இதுதான். லியோனார்டோ டா வின்சி 1490களில் மிலானில் ஒரு சுவரில் வரைந்த ‘கடைசி விருந்து’ படத்தில் கூரையின் கோடுகளையும் பக்கச் சுவர்களின் கோடுகளையும் நீட்டிக்கொண்டே போனால் எல்லாம் இயேசுவின் தலையில் வந்து கூடும். படத்தில் பதின்மூன்று பேர் இருந்தும் நாம் முதலில் அவரைப் பார்ப்பதற்கு அது ஒரு காரணம்.

இரண்டாவது பொருள்தான் எனக்கு முக்கியம்: ஒன்றும் வரையாமல் விட்ட இடம். வெற்றிடம் என்கிறேன், நெகட்டிவ் ஸ்பேஸ் என்ற பெயரிலும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

‘ப’ என்ற எழுத்தைப் பெரிதாக எழுதிப் பாருங்கள். இடது சுவர், தரை, வலது சுவர். நடுவில் மேல்பக்கம் திறந்த ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தை மையால் நிரப்பிவிட்டால் ‘ப’ போய்விடும், கறுப்புக் கட்டம்தான் மிஞ்சும். ‘ட’வுக்கு வலது சுவர் கிடையாது, அந்தப் பக்கத் திறப்புதான் அதை ‘ப’விலிருந்து பிரிக்கிறது. ஆக நாம் எழுத்தைப் படிக்கும்போது மையை மட்டும் படிப்பதில்லை, மை படாத இடத்தையும் சேர்த்தே படிக்கிறோம். இதை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் கவனிக்காமல் இருக்க முடியாது. தடித்த எழுத்துருவைச் சின்ன அளவில் அச்சடித்தால் ‘ஞ’, ‘இ’ போன்ற எழுத்துகள் படிக்கக் கஷ்டமாவது ஏன்? உள்ளே இருக்கும் சின்னச் சின்ன வெற்றிடங்கள் அடைபட்டுப் போகின்றன.

டென்மார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் பிரபலமாக்கிய ஒரு படம் உண்டு. நடுவில் ஒரு பூச்சாடி. அதையே இன்னொரு விதமாகப் பார்த்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு முகங்கள். சாடி தெரியும்போது முகம் வெறும் பின்னணி, முகம் தெரியும்போது சாடி பின்னணி. இரண்டையும் ஒரே நேரத்தில் உருவமாகப் பார்ப்பது கடினம். எது உருவம், எது பின்னணி என்று கண் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறது என்பதுதான் அந்தப் படத்தின் பாடம். இதே தந்திரத்தை வடிவமைப்பாளர்களும் கையாள்வார்கள். பெடெக்ஸ் கூரியர் நிறுவனத்தின் பெயர்ச்சின்னத்தில் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் உள்ள வெள்ளை இடம் வலப்பக்கம் காட்டும் ஓர் அம்பு. 1994இல் வந்த சின்னம் அது. பல வருடம் பார்த்தும் அம்பைக் காணாதவர்கள் நிறைய. நானும் யாரோ சொல்லித்தான் கண்டேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். உடல்நலத்துக்காகச் சொல்லும் பழமொழி அது. நான் அதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறேன். என் அறிவிப்புத் தாளில் சித்திரம் இருந்தது, சுவர் இல்லை. கிடைத்த இடத்திலெல்லாம் எதையாவது வைத்திருந்தேன். நாலு பக்கமும் பூ, பூவுக்கும் எழுத்துக்கும் நடுவே விரல் அகலம்கூட இடம் இல்லை. காலியாக இருந்தால் வீணாகப் போகிறதே என்ற எண்ணம். ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு இதுதான் என்று நினைக்கிறேன். காலி இடம் ஒரு வேலை செய்கிறது: எதைச் சுற்றி அது இருக்கிறதோ அதை முக்கியமாக்குகிறது. கூட்டத்தில் ஒருவரைச் சுற்றி மட்டும் யாரும் நிற்காமல் விட்டால் எல்லோரும் அவரைத்தானே பார்ப்பார்கள்?

வெளிர்–அடர்

நிறம் பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசை. நிறத்துக்கு முன்னால் வருவது வெளிர்–அடர். ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சமாக அல்லது எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்ற அளவு. வேல்யூ என்ற சொல்லும் புழக்கத்தில் உண்டு. வெள்ளை ஒரு முனை, கறுப்பு மறு முனை, நடுவில் சாம்பலின் படிகள். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறங்களை ஒழுங்குபடுத்தியபோது கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 10 என்று ஓர் ஏணி போட்டார். எந்த நிறத்தையும் அந்த ஏணியில் ஏதோ ஒரு படியில் நிறுத்தலாம். மஞ்சள் இயல்பிலேயே மேல்படியில் நிற்கும். ஊதா கீழ்ப்படியில்.

இப்போது என் மஞ்சள் தலைப்புக்கு வருகிறேன். மஞ்சள் பளிச்சென்ற நிறம், அதனால் தலைப்பு எடுப்பாகத் தெரியும் என்று நினைத்தேன். மஞ்சளும் வெளிர், வெள்ளையும் வெளிர். நிறத்தில் இரண்டுக்கும் எவ்வளவோ தூரம், வெளிர்–அடரில் பக்கத்து வீடு. இணையப் பக்கங்களில் எழுத்து எல்லோருக்கும் படிக்க வர வேண்டும் என்பதற்காக ஒரு தர அளவு வைத்திருக்கிறார்கள்: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு அது 21க்கு 1. வெள்ளையில் சுத்த மஞ்சளுக்கு ஏறக்குறைய 1.07க்கு 1. அதாவது கண்ணுக்கு வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. நான் தலைப்பை எழுதவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. கண்ணைப் பாதி மூடி, இமை வழியாகச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மங்கி, வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் மட்டும் மிஞ்சும். ஓவியர்கள் காட்சியை வரையும்போது அடிக்கடி கண்ணைச் சுருக்குவது இதற்குத்தான். கைப்பேசி இருந்தால் இன்னும் சுலபம்: படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கறுப்பு வெள்ளையிலும் புரிகிற படம் அநேகமாக எந்த நிறத்திலும் நிற்கும். கறுப்பு வெள்ளையில் கலங்கிவிடுகிற படத்தை நிறத்தால் காப்பாற்றுவது பெரும்பாடு. என் தாளைக் கறுப்பு வெள்ளையாக்கியபோது தலைப்பு காணாமல் போனது. சிவப்பு வரிகளும் பச்சை வரிகளும் ஒரே சாம்பலாயின. பூ மட்டும் கம்பீரமாக நின்றது.

வெளிர்–அடரைக் கண் நேர்மையாக அளப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் அடெல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படம் ஒன்று இணையத்தில் கிடைக்கும். பலகையில் ஓர் உருளையின் நிழல் விழுகிறது. நிழலுக்குள் இருக்கும் வெளிர்க் கட்டமும் வெளியே இருக்கும் அடர் கட்டமும் உண்மையில் ஒரே சாம்பல். எத்தனை முறை பார்த்தாலும் நம்ப முடியாது. ஒரு தாளில் இரண்டு ஓட்டை போட்டு அந்த இரண்டு கட்டங்களை மட்டும் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வோம். மூளை “அது நிழலில் இருக்கிறது, அப்படியானால் அசல் நிறம் வெளிராகத்தான் இருக்கும்” என்று நம்மைக் கேட்காமலே கணக்குப் போட்டுவிடுகிறது.

நிறம்

கிளிப்பச்சை, பாசிப்பச்சை என்று சொல்கிறோம். இரண்டும் பச்சைக் குடும்பம். கிளிப்பச்சை வெளிர், துடிப்பானது. பாசிப்பச்சை அடர், மங்கலானது. இந்த ஒரு ஜோடியிலேயே நிறத்தின் மூன்று குணங்களும் வந்துவிட்டன. எந்தக் குடும்பம் என்பது ஒன்று. எவ்வளவு வெளிர் அல்லது அடர் என்பது இரண்டு. எவ்வளவு துடிப்பு, எவ்வளவு மங்கல் என்பது மூன்று. இதைச் செறிவு என்பார்கள். ‘இந்தப் பச்சை நல்லா இல்ல’ என்பதற்குப் பதில் ‘இந்தப் பச்சை செறிவு அதிகம், கொஞ்சம் குறைக்கலாம்’ என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு வேலை சுலபம். வெள்ளை கலந்து வெளிராக்கினால் டின்ட், கறுப்பு கலந்து அடராக்கினால் ஷேட், சாம்பல் கலந்து மங்கலாக்கினால் டோன். டோன் என்ற சொல்லைச் சிலர் வெளிர்–அடர் என்ற பொருளிலும் சொல்வார்கள். குழப்பம்தான், பேசுகிறவர் எதை நினைக்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1666இல் நியூட்டன் முப்பட்டகத்தின் வழியே வெயிலைப் பிரித்துப் பார்த்தார். பின்னால், பிரிந்த நிறங்களை வட்டமாகச் சுற்றி வைத்தார். அந்த வட்டத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று மென்பொருளில் நாம் காணும் நிறச் சக்கரங்கள். சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிறங்கள் சண்டையில்லாமல் சேரும். எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று தூக்கிக் காட்டும்: சாயத்தில் சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும்.

பக்கத்தில் இருப்பது நிறத்தையே மாற்றிவிடும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு, கட்டுக்கதை இல்லை. பாரிஸில் கொப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலில் கறுப்பு சரியாக ஏறவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், மற்ற ஊர்க் கறுப்போடு ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. நீலம், ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் வைத்து நெய்ததால் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. வேதியியலாளர் தீர்க்க வேண்டிய சிக்கல் வேதியியலில் இல்லை, பார்க்கிற கண்ணில் இருந்தது. 1839இல் இதைப் பற்றி அவர் விரிவாக எழுதினார்; மேலே சொன்ன சொரா உட்படப் பல ஓவியர்கள் அதைப் படித்தார்கள். துணியில் பிடித்துப்போன நிறம் வேறொன்றோடு சேர்த்துப் போட்டதும் ஏன் வேறு மாதிரி தெரிகிறது என்பதற்கும் இதுதான் பதில்.

முதன்மை நிறங்கள் எவை என்பதில் ஒரு சின்னச் சிக்கல். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பள்ளியில் படித்திருப்போம். அது சாயம் கலப்பவர்களின் மரபு. திரை என்பது ஒளி. அங்கே சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் வைத்தால் மொத்தம் 1,67,77,216 நிறங்கள். அச்சு இயந்திரத்தில் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு. திரை ஒளியைக் கூட்டுகிறது, மை ஒளியை விழுங்குகிறது. திரையில் மின்னிய நீலமும் பச்சையும் தாளில் சோர்ந்து போவது இதனால்தான். அச்சகத்தாரைத் திட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மேற்பரப்பு பற்றி இரண்டே வரி. டெக்ஸ்சர் என்பது தொட்டால் எப்படி இருக்கும் என்ற உணர்வு: சொரசொரப்பு, வழவழப்பு, மினுமினுப்பு. வான் கோ 1889இல் வரைந்த இரவு வானத்தில் சாயம் மேடு மேடாக நிற்கிறது. அது உண்மையான மேற்பரப்பு. புகைப்படத்தில் தெரியும் மரப்பட்டை கண்ணுக்கு மட்டும்தான் சொரசொரப்பு.

அடுக்கும் விதம்

கொள்கைகள் என்ற இரண்டாவது மூட்டையைப் பிரிக்கும்போது எனக்கு யாப்பு இலக்கணம்தான் ஞாபகம் வருகிறது. மோனை, எதுகை, இயைபு, முரண், அளபெடை என்று தொடைகளைப் படித்திருப்போம். முதல் மூன்றும் ஒரே ஒலி திரும்ப வருவது. முரண் எதிரெதிரானவற்றைச் சேர்த்துக் கட்டுவது. கண்ணுக்கான கலையிலும் அடிப்படையில் இந்த இரண்டு வேலைதான் நடக்கிறது. ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்தால் லயமும் ஒருமையும் கிடைக்கும். ஒன்றை மட்டும் மாற்றி வைத்தால் முரண், அதாவது கான்ட்ராஸ்ட் கிடைக்கும். கண் அங்கே நிற்கும். பத்துச் சாம்பல் வட்டங்களுக்கு நடுவே ஒரு சிவப்பு வட்டம் வைத்தால் அதுதான் அழுத்தம். பத்தும் பத்து நிறமாக இருந்தால் எதிலும் அழுத்தம் இல்லை. என் தாளில் மஞ்சள், சிவப்பு, பச்சை, பெரிய எழுத்து, சாய்ந்த எழுத்து, தடித்த எழுத்து எல்லாம் இருந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேச்சு கேட்கும்?

அருகாமை என்று இன்னொன்று. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றை மூளை ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் மேக்ஸ் வெர்ட்ஹைமர் 1923இல் வெறும் புள்ளி வரிசைகளை வைத்தே இதை விளக்கினார். தேதி, நேரம், இடம் மூன்றும் ‘எப்போது, எங்கே’ என்ற ஒரே கேள்விக்குப் பதில். நான் அவற்றை மூன்று இடத்துக்குச் சிதறடித்திருந்தேன். பார்ப்பவர் தாள் முழுக்கத் தேடிப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது.

சமநிலை என்றதும் இடமும் வலமும் கண்ணாடி பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்போம். அது சமச்சீர், சமநிலையில் ஒரு வகை. ஏற்ற இறக்கப் பலகையில் அப்பாவும் குழந்தையும் ஆடும்போது அப்பா நடுப்பக்கம் நகர்ந்து உட்காருவார், குழந்தை கடைசியில் உட்காரும், பலகை நிற்கும். படத்திலும் அப்படி ஒரு பெரிய வெளிர் வடிவத்தை, தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன அடர் வடிவம் தாங்கிக்கொள்ளும். இது சமச்சீரைவிடக் கடினம். பார்க்க உயிரோட்டமாக இருக்கும்.

விகிதம் என்றதும் யாராவது பொன் விகிதத்தை எடுத்துவிடுவார்கள். 1.618 என்ற எண்ணில் அழகின் ரகசியமே அடங்கியிருப்பதாகச் சொல்வது கொஞ்சம் மிகை என்பது என் கருத்து. எந்தப் படத்தின் மேலும் சுருள்கோட்டை இழுத்துப் போட்டு எதையாவது பொருத்திக் காட்டலாம். இதைவிட எனக்குப் பிடித்தது மேசையில் கிடக்கும் ஏ4 தாளின் விகிதம். 210க்கு 297 மில்லிமீட்டர், அதாவது 1க்கு 1.414. பாதியாக மடித்தால் கிடைக்கும் ஏ5 தாளுக்கும் அதே விகிதம். அதை மடித்தாலும் அதே. அழகுக்காக வந்த எண் இல்லை, வசதிக்காக வந்தது.

ஓர் அலையைப் பார்ப்பது

இத்தனை சொல்லையும் வைத்து ஒரு படத்தைப் பார்க்கலாம். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் வடிவமைத்த ‘பேரலை’. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது. அசல் ஏறக்குறைய 26க்கு 38 செ.மீ.தான், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. இணையத்தில் தேடித் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கண் முதலில் இடப்பக்கம் எழுந்து நிற்கும் அலைக்குப் போகும். அது ஒரு பெரிய வளைகோடு. வளைவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, முனையில் கவிழ்ந்து கீழே வந்தால், நேராக ஒரு சின்ன முக்கோணத்தில் போய் விழுவீர்கள். அது ஃபூஜி மலை. ஜப்பானின் மிக உயரமான மலை இங்கே அலையின் மடிக்குள் பொம்மை மாதிரி இருக்கிறது. அளவை மாற்றியதாலேயே அலை நமக்கு மிக அருகிலும் மலை வெகு தூரத்திலும் போய்விட்டன, ஆழம் கிடைத்துவிட்டது. பேரலைக்கு முன்னால் கீழே ஒரு சின்ன அலை எழுகிறதே, அதன் வடிவத்தைப் பாருங்கள். மலையின் வடிவம்தான். மோனை மாதிரி, ஒரே வடிவம் இரண்டு இடத்தில்.

படகுகள் மூன்று. மெலிந்து நீண்ட கோடுகளாக அலைக்குள் செருகியிருக்கின்றன. உள்ளே ஆட்கள் குனிந்து படகோடு ஒட்டிக்கொண்டிருப்பதை நான் பல நாள் கவனிக்கவே இல்லை. அலையின் நுரை விரல் விரலாகப் பிரிந்து நகம் மாதிரி வளைகிறது. தொடாமலே மேற்பரப்பு தெரிகிறது. நிறங்களை எண்ணினால் நீலத்தின் சில படிகள், மங்கலான பழுப்பு, சாம்பல், தாளின் வெள்ளை. அவ்வளவுதான். நுரைக்கும் மலையுச்சிப் பனிக்கும் ஒரே வெள்ளை. அதனால் சிதறும் நீர்த்துளிகள் மலைமேல் பனி பெய்வது போலவும் தெரிகின்றன. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், எதுவும் கெடாது.

இப்போது அலையை விட்டுவிட்டு வலப்பக்கம் மேலே பாருங்கள். ஒன்றுமில்லை. மங்கலான வானம் மட்டும். இடப்பக்கத்து அலையின் அத்தனை கனத்தையும் அந்தக் காலி இடம் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அங்கே ஒரு பறவையையோ அடர்ந்த மேகக் கூட்டத்தையோ நுழைத்தால் அலை விழ இடம் இருக்காது.

என் அறிவிப்புத் தாளை அப்புறம் திருத்தினேன். பூவை எடுத்தேன். மஞ்சளைப் பின்னணிக்கு அனுப்பி, எழுத்தைக் கறுப்பாக்கினேன். தேதி, நேரம், இடம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து இடது ஓரத்தில் ஒரே கோட்டில் நிறுத்தினேன். புத்தகப் படத்தை வலப்பக்கம் கீழே சின்னதாக வைத்து, மேல் பாதியைத் தலைப்புக்கு மட்டும் விட்டேன். பத்து நிமிட வேலை. நண்பரிடம் மறுபடி காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்த வித்தையை அவருக்கும் சொல்லியிருந்தேன். “புத்தகம் ரொம்ப வெளிரா இருக்கு, கொஞ்சம் அடர் பண்ணு” என்றார்.

பண்ணினேன்.